தூங்குறவரை எழுப்பாம தூண்டுறது எப்படி: அடாப்டிவ் ஸ்டிமுலேஷன் டிவைஸ் டிசைன் பண்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

தூக்கக் கோளாறுக்கு ஸ்டிமுலேஷன் டிவைஸ் பண்ணப் போறேன்னு ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் முதல்ல கேக்கறது என்ன ஃப்ரீக்வன்ஸி, எவ்வளவு கரன்ட், எத்தனை டெசிபல், இதெல்லாம்தான். ஆனா இந்த வேலையில முதல்ல தீர்மானிக்க வேண்டியது எப்ப கொடுக்கக்கூடாதுங்கறதை. பகல்ல வலிக்கு டென்ஸ் மெஷின் (தோல் வழியா நரம்புக்கு லேசான கரன்ட் கொடுக்கறது) ஒட்டிக்கிறவர் சுள்ளுன்னு இருந்தா கையால குறைச்சுக்குவார், தூங்குறவரால அது முடியாது, அவருக்கு என்ன ஆகுதுன்னு அவராலயே சொல்ல முடியாது, அதனால அந்த முடிவை ராத்திரி முழுக்க டிவைஸ்தான் எடுத்தாகணும். அடாப்டிவ்னு நான் சொல்றது இதைத்தான். நேரம் வச்சு தானா ஆன் ஆஃப் ஆகுறதெல்லாம் வெறும் டைமர்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். இது பயோமெடிக்கல் படிக்கிறவங்க, ஆராய்ச்சி லேப்ல புதுசா சேர்ந்தவங்க, இந்தத் துறைக்குள்ள வர்ற இன்ஜினியர்களுக்காக எழுதறது. வீட்ல பேட்டரியும் ஒயரும் வச்சு தன் தலையில கரன்ட் விட்டுப் பாக்கறதுக்கு இல்ல, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க.

எந்த நோய்னு முதல்ல முடிவு பண்ணுங்க

தூக்கக் கோளாறுன்னு ஒரே பேர்ல சொன்னாலும் உள்ள இருக்கறது முழுக்க வேற வேற நோய்கள், ஒண்ணுக்கு பண்ண டிவைஸ் இன்னொண்ணுக்கு ஆகாது. அடைப்பால வர்ற ஸ்லீப் ஆப்னியாவுல தூங்கும்போது நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து மூச்சுக்குழாய் மூடிக்குது. அங்க நாக்கை முன்னால தள்ளுற ஹைப்போகுளோசல் நரம்பைத் தூண்டணும், சென்ஸ் பண்ண வேண்டியது மூச்சு. சென்ட்ரல் ஆப்னியாவுல குழாய் திறந்துதான் இருக்கும், மூச்சு விடச் சொல்ற கட்டளைதான் மூளையிலேருந்து வராது, அதுக்கு உதரவிதானத்துக்குப் போற ஃப்ரெனிக் நரம்பைத் தூண்டுற இம்ப்ளான்ட் ஒண்ணுக்கு அமெரிக்க எஃப்டிஏ 2017ல அனுமதி கொடுத்தது. படுத்தா கால்ல அடக்க முடியாத குடைச்சல் வந்து ஆட்டச் சொல்ற ரெஸ்ட்லெஸ் லெக்ஸுக்கு, கால்ல இருக்கற பெரோனியல் நரம்பை வெளியிலேருந்தே தூண்டுற பட்டைகள் வந்திருக்கு. இன்சோம்னியாவுக்கு முதல் சிகிச்சை இன்னிக்கும் சிபிடி-ஐ எனப்படுற நடத்தை சிகிச்சைதான், டிவைஸ் அதுக்குத் துணையா வரலாம், அதோட இடத்தைப் பிடிக்கும்னு நினைச்சு டிசைன் பண்ணாதீங்க. அப்புறம் ஆழ்ந்த தூக்கம் குறையுறது, குறிப்பா வயசானவங்களுக்கு, அதுக்கு மூளையோட ஸ்லோ வேவை, அதாவது ஆழ்ந்த தூக்கத்துல வர்ற பெரிய மெதுவான மின் அலையை, பலப்படுத்துற முயற்சிகள். இது இன்னும் ஆராய்ச்சி நிலையிலதான் இருக்கு.

நான் இங்க பெரும்பாலும் அந்தக் கடைசி வகையை, அதாவது சத்தத்தால ஸ்லோ வேவைத் தூண்டுறதை வச்சுத்தான் விளக்கப் போறேன். உடம்பைக் கிழிக்க வேண்டியதில்ல, இன்னொரு பெரிய வசதி என்னன்னா கரன்ட் கொடுத்தா அதே கரன்ட் இஇஜி (மூளையோட மின் அலையைப் பதிவு பண்றது) ஆம்ப்ளிஃபயர்ல ஏறி சிக்னலையே மூழ்கடிச்சிடும், கொடுக்கற நேரத்துல மூளை என்ன பண்ணுதுன்னு பாக்கவே முடியாது, சத்தத்துல அந்தத் தொல்லை கிடையாது. சென்ஸ் பண்றது, முடிவெடுக்கறது, தூண்டுறது, மறுபடி பாக்கறதுன்னு முழு லூப்பையும் இதுலயே கத்துக்கலாம்.

சிக்னல் நல்லா இல்லனா மேல எதுவும் நிக்காது

ஸ்லோ வேவ் பெருசா தெரியறது நெத்திப் பக்கம்தான், அதனால நெத்தியில ரெண்டு மூணு எலக்ட்ரோடு, காதுக்குப் பின்னாடி மாஸ்டாய்டு எலும்பு மேல ரெஃபரன்ஸ், இது போதுமான ஆரம்பம். ஏடிஎஸ்1299 மாதிரி 24 பிட் சிப் எடுத்து 250 ஹெர்ட்ஸ்ல சாம்பிள் பண்ணா தூக்கத்துக்கு தாராளம். சிப்பை விட உங்களை அதிகம் படுத்தப் போறது எலக்ட்ரோடுதான். டிரை எலக்ட்ரோடு போட வசதி, ஆனா புரண்டு படுத்தா தொடர்பு விட்டுப் போகும். ஹைட்ரோஜெல் முதல் சில மணி நேரம் நல்லா இருக்கும், விடியப்போற நேரத்துல காய ஆரம்பிக்கும். அதனால இம்பிடன்ஸை, அதாவது எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவுல உள்ள மின்தடையை, படுக்கும்போது ஒரு தடவை பாத்துட்டு விட்டுடாம ராத்திரி முழுக்க நடு நடுவுல செக் பண்ற மாதிரி வையுங்க, ஒரு எலக்ட்ரோடு போனா இன்னொண்ணுக்கு மாறணும், எல்லாம் போனா ஸ்டிமுலேஷன் நிக்கணும்.

நெத்தி எலக்ட்ரோடுல ஒரு பொறி இருக்கு, புதுசா வர்றவங்க நிறைய பேர் இதுல விழுவாங்க. கண் அசைவு அங்க பெருசா பதிவாகும், தூக்கம் வர்ற நேரத்துல கண் மெதுவா உருளும் பாருங்க, அது ஃபில்டர் போட்டு பாத்தா அச்சு அசலா ஸ்லோ வேவ் மாதிரியே இருக்கும். வியர்வையும் அப்படித்தான், மெதுவா பேஸ்லைனை ஆட்டிக்கிட்டே இருக்கும். அலையோட உயரம் ஒரு எல்லையைத் தாண்டுதான்னு பாக்கற ஆம்ப்ளிட்யூட் த்ரெஷோல்டை மட்டும் நம்பி கட்டின டிவைஸ் இப்பத்தான் கண் அசந்தவர் காதுல க்ளிக் க்ளிக்னு அடிச்சு எழுப்பிவிட்டுடும், அதுவும் ஏற்கனவே தூக்கம் வராம தவிக்கிறவரா இருந்தா அன்னிக்கு ராத்திரி போச்சு.

அதனால த்ரெஷோல்டுக்கு முன்னாடி ஒரு கேட் வேணும். இவர் உண்மையிலேயே என்2 (நடுத்தர ஆழம்) இல்லனா என்3 (ரொம்ப ஆழம்) தூக்கத்துல நிலையா இருக்காரான்னு பாத்துட்டுத்தான் அடுத்த கட்டத்துக்கு விடணும். லேப்ல டெக்னீஷியன்கள் தூக்கத்தை 30 செகண்ட் துண்டா வெட்டி முன்னயும் பின்னயும் பாத்து ஸ்டேஜ் போடுவாங்க, டிவைஸுக்கு பின்னாடி வரப்போறது தெரியாது, கடந்ததை மட்டும் வச்சு சில செகண்டுக்கு ஒரு தடவை முடிவை புதுப்பிக்கணும். டெல்டா பவர் (மெதுவான அலைகளோட பலம்), பீட்டா பவர் (முழிப்புல வர்ற வேகமான அலைகளோட பலம்), ரெண்டுக்கும் உள்ள விகிதம், ஸ்பிண்டில்ங்கற சின்ன வேக அலைக்கொத்து இருக்கா, ஆக்சிலரோமீட்டர்ல அசைவு இருக்கா, இந்த அஞ்சாறு விஷயத்தை வச்சு எழுதின எளிய மாடலே நல்லா வேலை செய்யும், அது சில நிமிஷம் தொடர்ந்து சரின்னு சொன்னாத்தான் கேட் திறக்கணும், மூடறதுக்கு மட்டும் ஒரே ஒரு சந்தேகம் போதும்.

துல்லியம் எத்தனை சதவீதம்னு இங்க பெருசா அலட்டிக்க வேண்டாம், அனுபவமுள்ள ரெண்டு டெக்னீஷியன்களே ஒரே ரெக்கார்டிங்கை ஸ்டேஜ் பண்ணா ஏறக்குறைய 80 சதவீதம்தான் ஒத்துப் போவாங்க. எந்தப் பக்கம் தப்பு நடக்குதுங்கறதுதான் முக்கியம். பத்து ஸ்லோ வேவைத் தவற விட்டா நஷ்டம் ஒண்ணுமில்ல, ராத்திரிக்கு நூத்துக்கணக்குல வந்துக்கிட்டே இருக்கும். முழிச்சிருக்கறவருக்கு ஒண்ணு கொடுத்துட்டா அதுக்கு விலை உண்டு. மாடலை ட்ரெயின் பண்றதுக்கு ஃபிசியோநெட்ங்கற இணையக் களஞ்சியத்துல ஸ்லீப்-ஈடிஎஃப் டேட்டா இலவசமா கிடைக்குது, ஆனா அது 100 ஹெர்ட்ஸ், வேற எலக்ட்ரோடு இடம், பெரும்பாலும் ஆரோக்கியமானவங்க. உங்க டிவைஸோட தலைப்பட்டையைப் போட்டு உங்க நோயாளிகள்கிட்ட எடுத்த ரெக்கார்டிங்ல சோதிக்காம அந்த மாடலை நம்பக்கூடாது.

நேரம்தான் மருந்து

ஸ்லோ ஆஸிலேஷன்னா மூளைப்புறணி செல்கள் கூட்டமா அடங்கி, பிறகு கூட்டமா முழிச்சு, திரும்ப அடங்குற அலை, ஏறக்குறைய 0.8 ஹெர்ட்ஸ். அடங்குறதை டவுன் ஸ்டேட், முழிக்கிறதை அப் ஸ்டேட்ம்பாங்க. 2013ல ஹாங்-வியட் ங்கோ, யான் போர்ன் குழு நியூரான் இதழ்ல வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கே ஒரு திருப்பம்: 11 பேர்தான், 50 மில்லிசெகண்ட் நீளமுள்ள பிங்க் நாய்ஸ் (மழை இரைச்சல் மாதிரி ஒரு சத்தம், இதைத்தான் கீழ க்ளிக்னு சொல்றேன்), இஇஜி மைனஸ் 80 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழ இறங்கினதும் அதைக் கண்டுபிடிச்சு, அப்புறம் வர்ற அப் ஸ்டேட்ல சத்தம் விழற மாதிரி கணக்குப் போட்டுக் கொடுத்தாங்க. அலை பெருசாச்சு, காலையில வார்த்தை ஜோடிகள் நினைவும் மேம்பட்டுது. அதே சத்தத்தை டவுன் ஸ்டேட்ல கொடுத்தப்ப நன்மை இல்ல, அலைத்தொடர் குலைஞ்சுது. ஊஞ்சல் திரும்பற நேரம் பாத்து தள்ளறதுக்கும் எதிர்த்து வரும்போது தள்ளறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஒரே மருந்து, நேரம் மாறினா எதிர் பலன்.

இப்ப கணக்கைப் பாருங்க. 0.8 ஹெர்ட்ஸ்னா ஒரு அலை 1250 மில்லிசெகண்ட், முழு அலையை 360 டிகிரின்னு வச்சா (அலையில எந்த இடத்துல இருக்கோம்ங்கறதுதான் ஃபேஸ்), அதுல 100 மில்லிசெகண்ட் தாமதம்னா சுமார் 29 டிகிரி நழுவுது, 300 மில்லிசெகண்ட் ஆச்சுன்னா கிட்டத்தட்ட 86 டிகிரி, உச்சியைக் குறிவச்சது சரிவுல போய் விழும். இந்தத் தாமதம் எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு தேடணும். முதல் குற்றவாளி ஃபில்டர். கம்ப்யூட்டர்ல பழைய டேட்டாவை அலசும்போது எல்லாரும் முன்னாடியும் பின்னாடியும் ஓடுற ஜீரோ-ஃபேஸ் ஃபில்டர் போட்டு அழகான படம் வரைவாங்க, நேரலையில அது முடியவே முடியாது, எதிர்கால சாம்பிள் கையில இல்ல. 250 ஹெர்ட்ஸ்ல 501 டேப் (அத்தனை சாம்பிளைக் கூட்டிக் கணக்குப் போடுற) வச்ச சமச்சீர் எஃப்ஐஆர் ஃபில்டர் போட்டா சரியா ஒரு செகண்ட் தாமதம், அலையே முடிஞ்சு போயிருக்கும். தன் பழைய விடையையும் சேர்த்துக்கிட்டு சில சாம்பிளோட வேலையை முடிக்கிற குறைஞ்ச ஆர்டர் ஐஐஆர் ஃபில்டர் போடுங்க, அது எந்த ஃப்ரீக்வன்ஸியில எவ்வளவு ஃபேஸ் தள்ளுதுன்னு அளந்து கழிச்சுக்கோங்க. ரெண்டாவது குற்றவாளி ப்ளூடூத் ஆடியோ, நூறு இருநூறு மில்லிசெகண்ட் சர்வசாதாரணமா போகும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. தாமதம் நிலையா இருந்தா முன்கூட்டியே கொடுத்து சரிக்கட்டிடலாம், ஆடிக்கிட்டே இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அதனால சத்தம் உருவாகுற சிப் அதே போர்டுல இருக்கட்டும், ஃபோன் லூப்புக்குள்ளயே வரக்கூடாது, அது செட்டிங்ஸ் மாத்தவும் காலையில ரிப்போர்ட் பாக்கவும் மட்டும்.

மொத்தத் தாமதத்தை ஊகிக்காதீங்க, அளங்க. ஏற்கனவே பதிவு பண்ண இஇஜியை சிக்னல் ஜெனரேட்டர்ல மைக்ரோவோல்ட் அளவுக்குக் குறைச்சு எலக்ட்ரோடு வாயில கொடுங்க, ஸ்பீக்கர் முன்னாடி மைக் வையுங்க, ரெண்டையும் ஒரே ஆசிலோஸ்கோப்ல பாருங்க, ஆயிரக்கணக்கான க்ளிக்கோட ஃபேஸை வட்டத்துல வரைஞ்சா சராசரி எங்க நிக்குது, எவ்வளவு சிதறுதுன்னு பளிச்சுன்னு தெரியும்.

ஃபேஸைக் கணிக்க வழிகள் நிறைய. த்ரெஷோல்டு தொட்டதும் நிலையான டிலே வைக்கிறது எளிமையானது. ஃபேஸ்-லாக்டு லூப் வச்சா அலையோட வேகம் மாறினா கூடவே போகும், வயசானவங்க ஆய்வுகள்ல இதைப் பயன்படுத்தியிருக்காங்க. என் அபிப்பிராயம், முதல் வெர்ஷனுக்கு த்ரெஷோல்டும் டிலேயும் போதும், அது எங்க தோக்குதுன்னு பாத்துட்டு மேல போங்க.

எதை எவ்வளவு வேகத்துல மாத்தணும்

மில்லிசெகண்ட் அளவுல மாறுறது ஃபேஸ். நிமிஷ அளவுல மாறுறது சத்தத்தோட அளவு. நாள் கணக்குல மாறுறது ஒவ்வொருத்தருக்குமான த்ரெஷோல்டு. இந்த மூணையும் தனித்தனி லூப்பா வச்சிட்டா பாதி குழப்பம் தீர்ந்துடும். மெஷின் லேர்னிங் போட்டே ஆகணும்னு ஆசை இருந்தா மூணாவதுல போடுங்க, முதல் லூப் எப்பவும் கணிக்கக்கூடியதா, கையால சரிபாக்கக்கூடியதா இருக்கட்டும்.

சத்த அளவுக்கு ஏறுறதும் இறங்குறதும் சமமா இருக்கக்கூடாது. பதில் கிடைக்கலனா 1 டெசிபல் ஏத்துங்க, விழிப்பு அறிகுறி ஏதாவது, முழிப்புல வர்ற ஆல்ஃபா அலை வந்துச்சு, தாடைத் தசை இறுகுச்சு, அசைஞ்சாரு, எதுவா இருந்தாலும் உடனே நிறுத்தி, திரும்ப ஆரம்பிக்கும்போது 5 டெசிபல் கீழேருந்து. இந்த நம்பர்கள் நான் ஆரம்பத்துக்கு வைக்கச் சொல்றது, உங்க டேட்டா பாத்து மாத்திக்கலாம், அந்த ஏற்றத்தாழ்வை மட்டும் விட்டுடாதீங்க. மேல ஒரு உச்சவரம்பு கண்டிப்பா வேணும், அதை எந்த அல்காரிதமும் தாண்டக்கூடாது. காது கேக்கற திறன் ஆளுக்கு ஆள் வேறங்கறதால படுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட் வச்சு ஆரம்ப அளவைப் பிடிச்சுக்கோங்க.

மைனஸ் 80 மைக்ரோவோல்ட்ங்கற அந்தப் புகழ்பெற்ற எண் இளைஞர்களோடது. வயசு ஏற ஏற ஸ்லோ வேவோட உயரம் நல்லாவே குறையும், அதே எண்ணை எழுபது வயசுக்காரருக்கு வச்சா ராத்திரி முழுக்க டிவைஸ் சும்மா கிடக்கும், உதவி அதிகம் தேவைப்படுறவருக்கே உதவி போகாது. அவரோட முந்தின ராத்திரி டேட்டாவுலேருந்து த்ரெஷோல்டை எடுங்க.

நிறைய கொடுத்தா நிறைய பலன்னு நினைக்காதீங்க. ங்கோ, போர்ன் குழுவே 2015ல தொடர்ச்சியா க்ளிக் கொடுத்துப் பாத்ததுல மூளை ஒரு அளவுக்கு மேல ஒத்துழைக்கல, தானே கட்டுப்படுத்திக்குது. ரெண்டு க்ளிக், அப்புறம் சில செகண்ட் இடைவெளி, இந்த மாதிரி போங்க. கூடவே ராத்திரிக்குள்ளயே தூண்டல் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் மாறி மாறி வர்ற மாதிரி வச்சிட்டா ஒப்பிட்டுப் பாக்க டேட்டா தானா சேரும்.

இலக்கு தப்பா இருந்தா அடாப்டிவ் ஆபத்து

இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிங்க. தூங்குறவர் காதுல சத்தம் விழுந்தா மூளை பல நேரம் கே-காம்ப்ளெக்ஸ்னு ஒரு பெரிய அலையைப் பதிலாக் கொடுக்கும், அது இயல்பு. இப்ப க்ளிக்குக்கு அப்புறம் வர்ற அலையோட உயரம்தான் வெற்றின்னு உங்க லேர்னிங் அல்காரிதத்துக்கு சொல்லிட்டீங்கன்னா அது ரொம்ப சந்தோஷமா சத்தத்தை ஏத்தி ஏத்தி கே-காம்ப்ளெக்ஸா வரவழைச்சுக்கிட்டே இருக்கும், கிராஃப் பிரமாதமா இருக்கும், ராத்திரி முழுக்க கூட்டிப் பாத்தா ஆழ்ந்த தூக்கம் ஒரு துளி கூட ஏறாம இருக்கலாம்.

இது சத்தத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. அடாப்டிவ் சர்வோ வென்டிலேஷன்னு ஒண்ணு இருக்கு, மூச்சு குறையும்போது காத்தழுத்தத்தை ஏத்தி நிறைய ஆகும்போது குறைச்சு சமப்படுத்துற அருமையான அடாப்டிவ் மெஷின். இதயம் பலவீனமா இருந்து சென்ட்ரல் ஆப்னியாவும் உள்ள 1325 பேர்கிட்ட செர்வ்-எச்எஃப் ஆய்வு நடந்து 2015ல முடிவு வந்துச்சு. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது இல்ல குறையுதுங்கற எண்ணிக்கை, அதாவது ஏஎச்ஐ, நல்லா இறங்கிடுச்சு, மெஷின் தன் வேலையைக் கச்சிதமா செஞ்சுது. ஆனா இதயக் காரணத்தால இறக்குற ஆபத்து மெஷின் போட்டவங்களுக்கு 34 சதவீதம் கூடுதல். அந்த வகை நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கறது நிறுத்தப்பட்டது. லூப் எந்த எண்ணைத் துரத்துதோ அது சரியானதும் நோயாளி சரியாகிட்டார்னு அர்த்தமில்ல, அதனால லூப்புக்கு வெளியில, அல்காரிதம் தொட முடியாத ஒரு அளவுகோலை ஆரம்பத்துலயே எழுதி வையுங்க. பகல் தூக்கக் கலக்கத்துக்கு எப்வர்த் ஸ்கேல், இன்சோம்னியாவுக்கு ஐஎஸ்ஐ கேள்வித்தாள், ஆப்னியாவுல ஆக்ஸிஜன் அளவும் நீண்டகால இதய நிலையும்.

இதே பாடத்தோட நல்ல பக்கமும் இருக்கு. ஹைப்போகுளோசல் தூண்டல்ல 126 பேர் கொண்ட ஸ்டார் ஆய்வு 2014ல வந்துச்சு, ஒரு வருஷத்துல ஏஎச்ஐயோட இடைநிலை 29.3லேருந்து 9.0க்கு வந்துச்சு, பகல் தூக்கக் கலக்கமும் வாழ்க்கைத் தரமும் கூடவே மேம்பட்டுது. அதுல நேரம்தான் டிசைனோட உயிர், மூச்சு உள்ள இழுக்கறதுக்கு சற்று முன்னாடியே நாக்கு முன்னால வந்திருக்கணும், குழாய் மூடின அப்புறம் தள்ளினா லேட்டு.

பாதுகாப்பு

எல்லையை சாஃப்ட்வேர்ல மட்டும் வைக்காதீங்க. சத்தத்தோட உச்சம், கரன்ட்டோட உச்சம் ரெண்டும் ஹார்டுவேர்லயே முடிஞ்சிருக்கணும், கோட் தாறுமாறா ஓடினாலும் அதுக்கு மேல போக வழி இருக்கக்கூடாது. கரன்ட் டிவைஸ்னா சார்ஜ் சமநிலை உள்ள ரெண்டு திசைப் பல்ஸ், டிசி கசியாம தடுக்க கெப்பாசிட்டர், கோட் தொங்கினா தானா ரீசெட் பண்ற வாட்ச்டாக் டைமர். சார்ஜர் சொருகியிருக்கும்போது தலையில போட்டா வேலை செய்யவே கூடாது. தோலைத் தொடுற பகுதி நீண்ட நேரம் தொடும்போது 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாதுங்கறது ஐஇசி 60601-1ங்கற மருத்துவ மின் கருவிகளுக்கான சர்வதேச விதி. வீட்டு உபயோகத்துக்கு 60601-1-11, சாஃப்ட்வேருக்கு ஐஇசி 62304, ரிஸ்க்குக்கு ஐஎஸ்ஓ 14971, தோல் ஒவ்வாமைக்கு ஐஎஸ்ஓ 10993. இதையெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்னு விட்டா போர்டையே திரும்பப் போட வேண்டி வரும், முதல் ஸ்கீமாட்டிக் வரையறப்பவே கையில வச்சிருங்க.

பழுதானா என்ன ஆகணும்ங்கறது நோயைப் பொறுத்தது. ஸ்லோ வேவ் பட்டை பழுதானா அமைதியா ஆஃப் ஆயிடலாம், யாருக்கும் கெடுதல் இல்ல. ஆப்னியா டிவைஸ் அமைதியா ஆஃப் ஆனா மூச்சு நிக்கறது திரும்ப ஆரம்பிச்சிடும், நோயாளிக்கோ டிவைஸ் ஓடுதுங்கற நம்பிக்கை, அதனால காலையிலயாவது தெளிவா தெரியப்படுத்தணும். வலிப்பு நோய் உள்ளவங்க, பேஸ்மேக்கர் மாதிரி வேற இம்ப்ளான்ட் உள்ளவங்களை ஆரம்ப ஆய்வுகள்ல சேர்க்காதீங்க. மனுஷங்ககிட்ட எந்தச் சோதனையா இருந்தாலும் எதிக்ஸ் கமிட்டி அனுமதி, மேற்பார்வைக்கு ஸ்லீப் டாக்டர்.

சோதனை

முதல்ல ரெக்கார்டிங்கை ஓட்டி பெஞ்ச்ல, அப்புறம் லேப்ல முழு பாலிசோம்னோகிராஃபியோட (மூளை, கண், தசை, மூச்சு எல்லாத்தையும் பதிவு பண்ற தூக்கப் பரிசோதனை) சேர்த்து, அதுக்கும் அப்புறம்தான் வீடு. புது இடத்துல முதல் ராத்திரி யாருக்கும் ஒழுங்கா தூக்கம் வராது, அந்த ராத்திரியை பழகறதுக்கு விட்டுடுங்க. ஷாம் ராத்திரியில, அதாவது ஒப்பிடறதுக்காக தூண்டாம விடுற போலி ராத்திரியில, டிவைஸை ஆஃப் பண்ணாதீங்க, கேட், த்ரெஷோல்டு, ஃபேஸ் எல்லாம் ஓடட்டும், க்ளிக் விழ வேண்டிய நேரத்தைக் குறிக்கட்டும், வால்யூம் மட்டும் பூஜ்யம். அப்பத்தான் ஒரே மாதிரியான அலைகளை சத்தத்தோடயும் சத்தமில்லாமயும் ஒப்பிட முடியும். யாருக்கு எந்த ராத்திரி எதுன்னு நோயாளிக்கும் தெரியக்கூடாது, ஸ்கோர் பண்றவருக்கும் தெரியக்கூடாது.

இன்சோம்னியா உள்ளவங்களுக்கு காலையில ஸ்கோர் காட்டுறதை நான் கடுமையா எதிர்ப்பேன். தூக்கத்தோட எண்ணைப் பாத்துப் பாத்துக் கவலைப்பட்டே தூக்கம் கெடுறதுக்கு 2017ல ஆர்த்தோசோம்னியான்னு பேரே வச்சிருக்காங்க, அந்த நிலைக்கு உங்க டிவைஸ் ஒரு காரணமா ஆகக்கூடாது. எண் டாக்டருக்குப் போகட்டும்.

லாக் எழுதறப்ப கொடுத்த ஒவ்வொரு க்ளிக்கோட கொடுக்காம விட்டதையும் எழுதுங்க, ஏன் விட்டுச்சுங்கற காரணத்தோட: கேட் மூடியிருந்துச்சு, இம்பிடன்ஸ் சரியில்ல, இடைவெளி நேரம், விழிப்பு அறிகுறி. முதல் லேப் ராத்திரி முடிஞ்சதும் சராசரி கிராஃபைத் திறக்கறதுக்கு முன்னாடி விழிப்பு வந்த ஒவ்வொரு இடத்தையும் எடுத்து அதுக்கு முந்தின 10 செகண்ட்ல டிவைஸ் என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சுன்னு கையால பாருங்க, ஷாம் ராத்திரியிலயும் அதே மாதிரி எண்ணுங்க. தூண்டின ராத்திரியில விழிப்பு கூடுதலா இருந்தா வால்யூமையும் த்ரெஷோல்டையும் தொடாம முதல்ல கேட்டை இறுக்குங்க, அது சரியான அப்புறம் ஃபேஸ் சிதறலைப் பாருங்க, அலை பெருசாச்சாங்கற கேள்விக்கு அதுக்கப்புறம் வரலாம்.